இலையுதிர்காலத்தில் நெல்லைப் பக்கத்து நூலகங்களில் என்ன நடக்கிறது? பிள்ளையை அழைத்துப் போவதால் பயன் உண்டா?

கேள்வி கேட்டவர், வெளிநாட்டில் இருக்கும் தன் அண்ணன் ஊரில் செப்டம்பர் தொடங்கி நவம்பர் வரை நூலகத்தில் கதை நேரம், கைவேலை வகுப்பு, வீட்டுக்கே புத்தகம் என்று பெரிய பட்டியலே போடுகிறார்கள், நம் பக்கம் அப்படி ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறார். அதற்கு எனக்கு முன்னால் ஒருவர், "நூலக வார விழா என்றால் பத்துப் பேர் உட்கார்ந்து சால்வை போர்த்திக்கொள்ளும் கூட்டம், போய் நேரத்தை வீணாக்காதீர்கள்" என்று பதில் எழுதியிருக்கிறார். அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நம் ஊரில் இலை உதிர்வது மாசி, பங்குனியில். நீங்கள் கேட்கிற மாதங்கள் நமக்குப் புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. பிசானம் என்கிற மழைக்கால நெல்லுக்கு நாற்றுப் பாவி நடவு நடக்கிற காலம். வாய்க்கால் நிறைய தண்ணீர் ஓடும். மூன்று மணிக்கே வானம் இருட்டும். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளுக்கு விளையாட இடம் இருக்காது. நூலகத்துக்குப் பிள்ளைகள் தானாக வருகிற காலம் வருடத்தில் இதுதான்.

நீங்கள் பெருமாள்புரம், மகாராஜ நகர் பக்கம் குடியிருப்பவராக இருக்கலாம் என்று நினைக்கிறேன். ஒரு பிள்ளை, கையில் போன், அதைப் பிடுங்கினால் அழுகை. அப்படியானால் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்கே போகலாம். கிராமமாக இருந்தால் கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ பக்கத்தில் இருக்கும். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா. ஓவியப் போட்டி, பேச்சுப் போட்டி, புத்தகக் கண்காட்சி, உறுப்பினர் சேர்க்கை எல்லாம் அந்த ஏழு நாளில் நடக்கும். எல்லா நூலகத்திலும் எல்லாம் நடக்காது. நூலகரையும் வாசகர் வட்டத்தில் இருக்கிற நாலு பேரையும் பொறுத்தது. தீபாவளி மலர்கள் வந்ததும் வாசிப்பு மேசையில் இடம் கிடைக்காது. 2022 நவம்பர் 26, 27 தேதிகளில் பொது நூலகத் துறை நெல்லையிலேயே பொருநை இலக்கியத் திருவிழா நடத்தியது. நான் இரண்டு நாளும் போனேன். ஆனால் நான் சொல்ல வந்தது பெரிய விழாவைப் பற்றி அல்ல. உறுப்பினர் சேர்க்கையைப் பற்றி.

என் ஊர் முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். அம்மா பீடி சுற்றுவாள். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அதே வேலைதான். 1991 நவம்பரில், நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது, நூலக வாரம் என்று சொல்லி நூலகர் அண்ணாச்சி சைக்கிளில் எங்கள் தெருவுக்கு வந்தார். கையில் உறுப்பினர் படிவம். திண்ணையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். "உங்க பிள்ளைகளுக்கு ஒரு கார்டு போடுங்கம்மா, கட்டுற காசு திரும்பி வரும், காப்புத் தொகைதான்" என்றார். யாரும் தலையை நிமிர்த்தவில்லை. அம்மா மட்டும் கை வேலையை நிறுத்தாமல், "இவ வாசிப்பாளா அண்ணாச்சி?" என்று கேட்டாள். பள்ளிக்கூடப் புத்தகத்தைத் தவிர வேறு எதையும் நான் வாசித்து அவள் கேட்டதில்லை. அவர் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என்னிடம் தந்து, "வாசி தாயி" என்றார். பறவைகளைப் பற்றிய சிறுவர் புத்தகம் அது. மீன்கொத்தி பற்றி ஒரு பக்கம் வாசித்தேன். நான் வாசித்து முடிக்கும்வரை ஐந்து பேரும் பீடி சுற்றிக்கொண்டேதான் கேட்டார்கள். முடித்ததும் எதிர்வீட்டு மதினி, "ஏட்டி, அந்தக் குருவி தண்ணிக்குள்ள பாயுறத இன்னொரு தடவ வாசி" என்றார்கள். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

அன்றிலிருந்து ஒரு வருடம், மழையானாலும் வெயிலானாலும், சாயங்காலம் நான் வாசிப்பேன், அவர்கள் சுற்றுவார்கள். ஆயிரம் பீடிக்குக் கணக்குச் சரியாக வரவேண்டும், இலை குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். அதனால் யாரும் வேறு பக்கம் பார்க்கமாட்டார்கள். காது மட்டும் என்னிடம் இருக்கும். அந்தத் திண்ணையில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர். ஆனால் கதையில் நான் ஒரு வரியைத் தாண்டிவிட்டால் அம்மா உடனே கண்டுபிடித்துவிடுவாள்.

அடுத்த வருடம், 1992 நவம்பர் நடுவில், தாமிரபரணியில் வெள்ளம் வந்தது. அணைகள் நிரம்பித் திறந்துவிட்ட அந்த வெள்ளத்தைப் பாபநாசம், அம்பாசமுத்திரம் பக்கத்து ஆட்கள் இன்றைக்கும் மறக்கவில்லை. எங்கள் வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். அம்மா முதலில் தூக்கியது இலை மூட்டையையும் தூள் டப்பாவையும்தான். அது கம்பெனிப் பொருள், போனால் கடன். அப்புறம் தம்பியை. தண்ணீர் வடிந்து வந்து பார்த்தால் பறவைப் புத்தகம் தகரப் பெட்டிக்குள் ஊறிக் கிடந்தது. மூன்றாவது தடவையாக எடுத்து வந்திருந்தேன், மதினிக்காக.

தாள்கள் அப்பளம் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அம்மா அதை அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் மேல் நிறுத்தி வைத்தாள். இரண்டு நாள் கழித்து, பீடியின் தலையை மடிக்க வைத்திருக்கும் சின்ன இரும்புக் கம்பியை எடுத்து, அதன் நுனியால் ஒவ்வொரு தாளாகப் பிரித்தாள். ஒரு தாளுக்குக் கால் மணி நேரம். மீன்கொத்தி இருந்த பக்கத்தில் நீலம் கரைந்து அடுத்த பக்கத்து நாரை மேல் இறங்கியிருந்தது. அவள் கையில் எப்போதும் இருக்கும் புகையிலை வாசனை அந்தத் தாளில் ஏறியது, இன்றும் போகவில்லை.

அந்த வருடம் எங்கள் ஊரில் நூலக வார விழா நடக்கவில்லை. நூலகம் திறந்ததும் அம்மாவே என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அண்ணாச்சி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "இதத் திருப்பிக் கணக்குல ஏத்த முடியாதும்மா. புதுசு வாங்கித் தரணும், இல்லன்னா விலையைக் கட்டணும்" என்றார். அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று யாரும் பின்னூட்டத்தில் எழுதிவிடாதீர்கள். அது ஊர்ப் பணத்தில் வாங்கின புத்தகம். வெள்ளத்தில் போனது என்று அவர் ஒரு வரி எழுதித் தள்ளிவிட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அம்மாவுக்கு அப்படித் தோன்றவில்லை. "எவ்வளவு அண்ணாச்சி?" என்றுதான் கேட்டாள். ஒரு நாள் பீடிக் கூலியை விடக் கொஞ்சம் குறைவு. பாதியை அன்றே வைத்தாள், பாதியை அடுத்த சனிக்கிழமை கூலி வாங்கியதும் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் பாளையங்கோட்டைக்குப் போனபோது புதுப் பிரதி வாங்கி வந்து கணக்கில் சேர்த்தார். கடையில் தந்த ரசீதை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, நனைந்ததை எடுத்து, "இது இனி உங்களோடது" என்றார்.

எங்கள் வீட்டில் பாடப் புத்தகம் அல்லாத முதல் புத்தகம் அதுதான். பின்னாளில் கூந்தன்குளத்துக்குப் போய் வரித்தலை வாத்துகளைப் பார்த்தபோது பெயர் சொல்லி அடையாளம் காட்ட முடிந்தது, அதனால்தான். எல்லா வீட்டிலும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. அதே தெருவில் கார்டு போட்ட இன்னும் இரண்டு பிள்ளைகள் ஒரு மாதத்தில் நின்றுவிட்டார்கள். அனுதாபத்துக்காகவும் இதை எழுதவில்லை. அம்மாவுக்கு இப்போது எழுபதுக்கு மேல், நன்றாக இருக்கிறாள்.

சரி, சால்வை விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பதிலில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு விழாவில், நான்கு மணிக்கு வரவேண்டிய சிறப்பு விருந்தினர் ஆறு மணிக்கு வந்தார். ஓவியம் வரைந்த பிள்ளைகள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். பரிசு கொடுக்கும்போது பாதிப் பேர் இல்லை, பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். அன்று எனக்கும் கோபம்தான். ஆனால் அதற்கு நூலகம் என்ன செய்யும்? பத்துப் பேர் வந்தால் பத்துப் பேருக்குத்தான் நடத்த முடியும். பதினோராவது ஆளாக நாம் போனோமா?

பஸ் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். 2021 மேயிலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல விஷயம், நான் தினமும் அதில்தான் போகிறேன். ஆனால் நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் சில பஸ்கள் பத்தடி தள்ளி நிற்கின்றன, சில நிற்பதே இல்லை. ஐப்பசி மழையில், கையில் புத்தகப் பையோடு, வயதான அக்காக்கள் பஸ் பின்னால் ஓடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஏழு மணிக்கு நூலகத்திலிருந்து பிள்ளையோடு வீடு திரும்புவது எப்படி என்று ஒரு தாய் யோசித்தால், அவள் வராததற்குப் பாதிக் காரணம் இதுதான். எல்லா ஓட்டுநர்களையும் சொல்லவில்லை. இருட்டில் தெரு முனையிலேயே இறக்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அப்புறம், வீட்டுக்கே புத்தகம் வருமா என்று கேட்டிருந்தீர்கள். வரும். நூலக நண்பர்கள் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. நூலகத்துக்கு வரமுடியாத முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், நோயாளிகளுக்குத் தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இது நமக்குப் புதிதும் அல்ல. சீர்காழிக்காரரான நூலக அறிஞர் ரங்கநாதன் யோசனை சொல்லி, 1931 அக்டோபரில், இதே ஐப்பசி வாக்கில், மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகத்தை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். அண்ணன் ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

நான் இப்போது அம்பாசமுத்திரத்தில் இருக்கிறேன். இரண்டு வீடுகளுக்குப் புத்தகம் கொண்டுபோகிறேன். ஒருவர் ஓய்வுபெற்ற வாத்தியார், இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். மழைநாளில் புத்தகத்தை இரண்டு பாலித்தீன் பைக்குள் போட்டு, வாயை மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துப் போவேன். அவர் ரப்பர் பேண்டைக் கழற்றிக் கட்டில் கம்பியில் மாட்டுவார். பையைத் துடைத்து மடித்துத் தலையணைக்குக் கீழே வைப்பார். அப்புறம்தான் அட்டையைப் பார்ப்பார். அடுத்த வாரம் அதே பையில், அதே ரப்பர் பேண்டோடு புத்தகம் திரும்பி வரும். 2023 டிசம்பரில், மார்கழி பிறப்பை ஒட்டி மறுபடியும் பெருவெள்ளம் வந்தபோது, அந்த ஒரு வாரம் என்னால் போக முடியவில்லை. வாத்தியார் போனில் கூப்பிட்டு முதலில் கேட்டது, "புத்தகமெல்லாம் நனைஞ்சிட்டாம்மா?" என்றுதான்.

இன்னொன்று, கோபப்படாமல் கேளுங்கள். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். சொத்து வரியோடு நூலக வரி என்று பத்து சதவீதம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம் தந்த ஏற்பாடு அது. அந்த மேசை, மின்விசிறி, பறவைப் புத்தகம் எல்லாவற்றிலும் உங்கள் காசு இருக்கிறது. இலவசமாக ஏதாவது நடக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்கவேண்டியதில்லை.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் எல்லா நாற்காலியையும் பிடித்துக்கொள்கிறார்கள் என்றும் ஒரு புகார் வரும். வாஸ்தவம்தான். ஆனால் அவர்களில் பலருக்கு வீட்டில் தனியாக ஒரு மேசை கிடையாது. சிறுவர் பகுதிக்கு அவர்கள் வருவதில்லை, உங்கள் பிள்ளைக்கு இடம் இருக்கும்.

கிளை நூலகத்துக்கு வெள்ளியும் இரண்டாம் சனியும் விடுமுறை. நவம்பர் முதல் வாரத்திலேயே ஒரு நாள் மாலை போய், இந்த வருடம் என்ன போட்டி, எந்த வயதுக்கு என்று நூலகரிடம் நேரில் கேளுங்கள். பல இடங்களில் அறிவிப்பு, கதவில் ஒட்டின ஒரு தாளோடு முடிந்துவிடும். ஆதார் நகலைக் கையோடு கொண்டுபோய் அன்றே பிள்ளை பெயரில் உறுப்பினர் அட்டை போட்டுவிடுங்கள். புத்தகத்தைப் பிள்ளையே எடுக்கட்டும். சின்னதாக இருக்கிறது, படம்தான் இருக்கிறது என்று நீங்கள் மாற்றாதீர்கள்.

அம்பாசமுத்திரம் பக்கம் என்றால், நூலக வாரத்தில் ஒரு மாலை சின்னப் பிள்ளைகளுக்கு நான் கதை வாசிப்பேன். அந்த நனைந்த புத்தகத்தைத்தான் கொண்டு வருவேன். போன வருடம் அம்மாவும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நாரைப் பக்கத்தில் நான் ஒரு வரியைத் தாண்டியதும், "ஏட்டி, ஒரு வரிய விட்டுட்ட" என்று அங்கிருந்தே சொன்னாள்.