கெமிஸ்ட்ரி படித்த பெண் பத்திரிகைச் செய்தி எழுத முடியுமா?

அன்புள்ள அம்மா,

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த உங்கள் மகளை, கம்பெனி நடத்தும் கண் பரிசோதனை முகாமுக்குப் பத்திரிகைச் செய்தி எழுதச் சொல்லிவிட்டார்கள், அவள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பயப்பட வேண்டாம். இது பழகினால் வரும் வேலை.

அவள் எழுதியதைப் படித்தேன். முதல் பத்தி முழுக்கத் தலைமை, முன்னிலை, வாழ்த்துரை. எங்கே, என்றைக்கு என்பது கடைசி வரியில். பத்திரிகையில் இடம் போதாவிட்டால் கீழிருந்துதான் வெட்டுவார்கள். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு முகாமுக்கு இப்படித்தான் எழுதி அனுப்பினேன். மறுநாள் விருந்தினர் பெயர்கள் வந்திருந்தன, தேதி இல்லை. முகாமுக்கு வந்தவர்கள் மிகக் குறைவு. இன்றும் அது உறுத்துகிறது.

இப்படித் தொடங்கச் சொல்லுங்கள்: "கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி முதல் மதியம் 1 மணி வரை இலவசக் கண் பரிசோதனை முகாம் நடக்கிறது." அடுத்து, யார் வரலாம், என்ன கொண்டுவர வேண்டும், கண்ணாடி இலவசமா என்பது. பெயர்கள் அதற்குக் கீழே. எழுதியதை உங்களிடம் வாய்விட்டுப் படிக்கட்டும். நீங்கள் "எப்போ, எங்கே?" என்று திருப்பிக் கேட்டால் மாற்றி எழுத வேண்டும்.

லெட்டர்பேடை ஸ்கேன் செய்து அனுப்பினால் பத்திரிகை அலுவலகத்தில் ஒருவர் திரும்ப டைப் அடிக்க வேண்டும். யூனிகோடில் அடித்து, வேர்டு ஃபைலாக அனுப்பட்டும். சந்தேகம் கேட்க, மாலையிலும் எடுக்கும் ஒரு போன் நம்பர் வேண்டும். படத்தில் இருப்பவர்களின் பெயர்கள் இடமிருந்து வலமாக, இனிஷியலோடு.

அப்புறம், கெமிஸ்ட்ரி வீணாகிறதே என்ற உங்கள் கவலை. சிப்காட்டில் இரசாயன ஆலைகள் அதிகம். என்றைக்காவது ஒரு கசிவு என்றால், பக்கத்து ஊர்களான குடிகாடு, ஈச்சங்காடு மக்கள் முதலில் கேட்பது அது என்ன வாயு, கண் எரிந்தால் என்ன செய்வது, வீட்டுக்குள் இருக்கலாமா என்பதைத்தான். அதை எளிய தமிழில், தப்பில்லாமல் எழுத வேதியியல் தெரிந்த ஒருவர் வேண்டும். உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதி, மற்றது விசாரணையில் இருக்கிறது என்று சொன்னால் போதும். "ஒன்றுமே நடக்கவில்லை என்று எழுது" என்று யாராவது சொன்னால் மறுக்க வேண்டும். அதை இப்போதே அவளிடம் பேசிவையுங்கள்.

இதற்காக உடனே இன்னொரு பட்டம் வேண்டாம். பிடித்துப்போனால், பிறகு காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் தொடர்பியல் முதுநிலைப் படிப்பைப் பற்றி யோசிக்கலாம்.

முகாம் ஞாயிறு என்றால் வியாழன் மதியத்துக்குள் செய்தி போக வேண்டும். புதன் இரவே எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துத் தருகிறேன்.