சிப் தடை தோற்றுவிட்டதா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் நண்பர்கள் வட்டத்தில் கொஞ்ச நாளாக ஒரே பேச்சு. ஏஐக்கு வேண்டிய உயர்தரச் சிப்பைச் சீனாவுக்குக் கொடுக்கமாட்டேன் என்றது அமெரிக்கா. சீன நிறுவனமான டீப்சீக் வலுவான ஏஐ ஒன்றைச் செய்து காட்டிவிட்டது. ஆகவே தடை என்பதெல்லாம் வெற்று மிரட்டல் என்கிறார்கள். எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. உக்ரைன் போரில் டிரோன்கள் தாமாகவே இலக்கைத் தேடிப் போகின்றன என்று படிக்கிறேன். அந்தச் சண்டையும் இந்தச் சிப் சண்டையும் ஒன்றுதானா? நடுவில் இந்தியா எங்கே நிற்கிறது? நேரமிருந்தால் விளக்கி எழுதுங்கள்.

ம., கோவை

அன்புள்ள ம.,

உங்கள் சந்தேகம் நியாயமானது. ‘தடை’ என்று ஒற்றைச் சொல்லில் நாம் சொல்லிவிடுவது, மூன்று வேறு பொருட்களுக்குப் போட்ட மூன்று பூட்டுகள். சிப்பைச் செய்யும் இயந்திரத்துக்கு ஒன்று, சிப்புக்கு ஒன்று, அந்தச் சிப்பில் பயிற்றுவித்து எடுக்கும் ஏஐ மாதிரிக்கு, அதாவது கேள்விக்குப் பதில் சொல்லும் மென்பொருளுக்கு, ஒன்று. முதல் பூட்டு இறுக்கமாக இருக்கிறது. இரண்டாவது கசிகிறது. மூன்றாவது இருப்பதாகவே சொல்ல முடியாது. டீப்சீக் தன் மாதிரியை இணையத்தில் யாரும் இறக்கிக்கொள்ளும்படி திறந்தே வைத்தது. இரண்டாவது பூட்டின் கசிவைக் காட்டி முதல் பூட்டு உடைந்துவிட்டது என்று சொல்வதுதான் உங்கள் நண்பர்கள் செய்யும் பிழை.

அந்த இரண்டாவது பூட்டிலிருந்தே தொடங்குகிறேன். 2022 அக்டோபர் 7 அன்று அமெரிக்க வணிகத் துறை விதித்த கட்டுப்பாடு ஒரு சிப்பை இரண்டு அளவுகளால் பிடித்தது: அது எவ்வளவு வேகமாகக் கணக்கிடுகிறது, பக்கத்துச் சிப்போடு எவ்வளவு வேகமாகப் பேசுகிறது. இரண்டிலும் வரம்பைத் தாண்டினால்தான் தடை. அமெரிக்கச் சிப் நிறுவனமான என்விடியாவின் ஏ100 என்ற சிப் பக்கத்துச் சிப்போடு நொடிக்கு 600 ஜிகாபைட் பரிமாறும். அந்த நிறுவனம் பரிமாற்றத்தை மட்டும் 400ஆகக் குறைத்து ஏ800 என்று ஒன்றைச் சீனச் சந்தைக்கென்றே செய்தது. அடுத்த தலைமுறையில் ஹெச்100க்குப் பதில் ஹெச்800. கணக்கிடும் திறனில் பெரிதாகக் கை வைக்கவில்லை. இரண்டும் சட்டப்படியே விற்கப்பட்டன. அமெரிக்கா அதைக் கவனித்து விதியைத் திருத்தி எழுத 2023 அக்டோபர் ஆகிவிட்டது.

டீப்சீக் தன் வி3 மாதிரியைப் பயிற்றுவித்தது 2,048 ஹெச்800 சிப்களில். அதன் ஆய்வறிக்கையைப் படித்தால் அந்தப் பொறியாளர்களின் உழைப்பு எங்கே போனது என்று தெரியும். ஒவ்வொரு சிப்பிலும் உள்ள 132 கணக்கிடும் அலகுகளில் 20ஐத் தரவுப் பரிமாற்றத்துக்கென்றே ஒதுக்கினார்கள். எண்களைப் பெரும்பாலும் சுருக்கமான 8 பிட் வடிவில் வைத்து நினைவகத்தை மிச்சம் பிடித்தார்கள். மட்டுப்படுத்தப்பட்ட பரிமாற்றத்தை மென்பொருளால் ஈடுகட்டிய அருமையான வேலை அது. எல்லோரும் சொல்லும் 55.76 லட்சம் டாலர் என்பது கடைசிப் பயிற்சி ஓட்டத்துக்கு மட்டும், சிப்பை மணிக்கு 2 டாலர் வாடகைக்கு எடுத்ததாக வைத்துப் போட்ட கணக்கு. அதற்கு முந்தைய சோதனைகளும் சம்பளமும் அதில் இல்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆக, டீப்சீக் காட்டுவது 2022 விதியில் இருந்த ஓட்டையை.

அடுத்த விதியிலும் ஓட்டை இருந்தது. 2023 விதி கணக்கிடும் திறனை இறுக்கியது, நினைவகத்தை விட்டுவிட்டது. அதற்குள் அடங்கும்படி வந்த ஹெச்20யின் கணக்கிடும் திறன் ஹெச்100இல் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் நினைவகம் 96 ஜிகாபைட், வேகம் நொடிக்கு 4 டெராபைட். ஹெச்100இல் 80 ஜிகாபைட், 3.35 டெராபைட். மாதிரியைப் பயிற்றுவிக்கக் கணக்கிடும் திறன் வேண்டும். பயிற்சி முடிந்த மாதிரி கேள்விக்குப் பதிலைச் சொல் சொல்லாக எழுதும்போது நினைவக வேகம்தான் தடையாக நிற்கும். நீண்ட நேரம் ‘யோசித்து’ விடை சொல்லும் மாதிரிகள் வந்த பிறகு இந்த வேறுபாடு பெரிதாகிவிட்டது. இது போக, மூன்றாவது நாட்டின் வழியாகச் சீனாவுக்குப் போகும், இந்தச் சிப்கள் பொருத்திய சர்வர்கள் இருக்கின்றன. சிங்கப்பூரில் 2025 பிப்ரவரியில் இதுபோன்ற சர்வர் விற்பனையில் உண்மையான பயனரை மறைத்ததாக மூவர் மீது வழக்குப் பதிவானது. அதே ஆண்டு ஜூலையில் மலேசியா, அமெரிக்க ஏஐ சிப்களைத் தன் மண்ணிலிருந்து வெளியே அனுப்ப அனுமதி பெற வேண்டும் என்று ஆணையிட்டது. சிப் உள்ளங்கைக்குள் அடங்கும் பொருள். அதைக் காவல் காப்பது கடினம்.

இயந்திரத்தின் கதை வேறு. நெதர்லாந்தின் வெல்ட்ஹோவனில் உள்ள ஏஎஸ்எம்எல் நிறுவனம் மட்டுமே வணிகத்துக்குச் செய்யும் இயூவி (அதிதீவிரப் புறஊதா ஒளி) இயந்திரம் 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளியால் சிப்பின் வரைபடத்தைப் பதிக்கிறது. அந்த ஒளிக்காக உருகிய வெள்ளீயத் துளிகளை நொடிக்கு 50,000 வீதம் வெற்றிடத்தில் உதிரவிட்டு ஒவ்வொரு துளியையும் லேசரால் இருமுறை அடிக்கிறார்கள். முதல் அடி துளியைத் தட்டையாக்கும், இரண்டாவது அதைப் பிளாஸ்மாவாக்கும். இந்த ஒளியைக் காற்றும் விழுங்கும், கண்ணாடி வில்லையும் விழுங்கும். ஆகவே வழி முழுக்க வெற்றிடம், வில்லைக்குப் பதில் ஆடிகள். ஆடி ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்துடையது, லேசர் ஜெர்மனியின் டிரம்ப்ஃப் நிறுவனத்துடையது, ஒளிமூலம் அமெரிக்காவின் சான் டியகோவில் செய்யப்படுவது. அந்தச் சான் டியகோதான் நெதர்லாந்து நிறுவனத்தின் மேல் வாஷிங்டனுக்கு இருக்கும் பிடி. சுமார் 180 டன் எடையுள்ள இதைப் பெட்டியில் ஒளித்துக் கடத்த முடியாது. கடத்தினாலும் ஓடாது; தயாரித்தவரின் பொறியாளரும் உதிரி பாகமும் தொடர்ந்து வேண்டும். சீனாவுக்கு ஒரு இயூவிகூட விற்கப்படவில்லை.

சீனாவிடம் இருப்பது 193 நானோமீட்டர் ஒளியில் ஓடும் பழைய தலைமுறை இயந்திரங்கள். அவற்றை வைத்தே சீனச் சிப் ஆலை நிறுவனமான எஸ்எம்ஐசி 7 நானோமீட்டர் தலைமுறைச் சிப் செய்தது. 2023 ஆகஸ்டில் ஹுவாவேயின் மேட் 60 புரோ போனில் அது வந்தபோது உலகம் திகைத்தது. வழி இதுதான்: ஒரே தடவையில் பதிக்க முடியாத நுண்கோடுகளைப் பிரித்து, ஒரே அடுக்கை மூன்று நான்கு தடவை பதிப்பது. ஒவ்வொரு பதிப்பும் முந்தையதன்மேல் ஓரிரு நானோமீட்டர் பிசகாமல் உட்கார வேண்டும். பிசகினால் கோடுகள் முட்டிக்கொள்ளும், சிப் வீண். கணக்குக்காக, ஒவ்வொரு கூடுதல் படியிலும் 2% கெடுகிறது என்று வையுங்கள். 30 படிகளில் ஏறக்குறைய பாதி போய்விடும். சிப் கிடைக்கும், ஆனால் விலை ஏறும், எண்ணிக்கை குறையும். போனுக்கு இது தாங்கும். ஏஐ சிப் போன் சிப்பைவிடப் பல மடங்கு பெரியது. பரப்பு கூடக் கூட ஒரு குறை அதில் விழும் வாய்ப்பும் கூடும். முதல் பூட்டு நிற்கிறது என்று நான் சொல்வதன் பொருள் இந்த எண்ணிக்கைத் தட்டுப்பாடுதான். அது நிரந்தரம் என்று நான் நினைக்கவில்லை. சீனா தன் சொந்த இயந்திரத்துக்காகப் பணத்தைக் கொட்டுகிறது.

சீனாவின் கையிலும் பூட்டுகள் உண்டு, அவை சுரங்கத்தில் தொடங்குகின்றன. சிப்களில் பயன்படும் காலியம் என்ற உலோகம் உலகில் புதிதாக எடுக்கப்படுவதில் ஏறத்தாழ 98% அங்கிருந்துதான் வருகிறது. 2023 ஆகஸ்டில் காலியம், ஜெர்மேனியம் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயமானது. 2024 டிசம்பரில் அமெரிக்காவுக்கு அடியோடு நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் ஏழு அருமண் தனிமங்களுக்கு உரிமம் வந்தது. அவற்றால் செய்யும் காந்தம் கிடைக்காமல் சிகாகோவில் ஃபோர்டு கார் ஆலையே சில நாள் நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் டிரம்பும் ஷி ஜின்பிங்கும் தென்கொரியாவின் பூசானில் சந்தித்தபின், சற்று முன்பு புதிதாக அறிவித்திருந்த கட்டுப்பாடுகளை இரு தரப்பும் ஓராண்டுக்கு நிறுத்திவைத்தன. எவர் பூட்டு எவரை அதிகம் வலிக்கச் செய்யும் என்று இருவரும் பார்த்துவிட்ட பிறகு நடந்த பேரம் அது.

என்னைக் கவலைப்படுத்துவது வேறொன்று. பாதுகாப்புக்கான தடை என்று தொடங்கியது சுங்கச்சாவடியாகிக்கொண்டிருக்கிறது. 2025 ஆகஸ்டில் சீனாவுக்கான ஹெச்20 விற்பனையில் 15% அமெரிக்க அரசுக்கு என்று பேசி அனுமதித்தார்கள். டிசம்பரில் அதைவிட வலுவான ஹெச்200ஐ 25% பங்குக்கு அனுமதிப்பதாக டிரம்ப் அறிவித்தார். ஒரு பொருள் ஆபத்தானது என்றால் பங்கு வாங்கிக்கொண்டு விற்கக்கூடாது. ஆபத்தில்லை என்றால் நெதர்லாந்தையும் ஜப்பானையும் அழுத்தி அவர்கள் வணிகத்தை நிறுத்தச் சொன்னதற்கு நியாயமில்லை.

உக்ரைன் பற்றிக் கேட்டீர்கள். அது வேறு சிப்களின் போர். அங்கே டிரோனை வீழ்த்தும் முதல் ஆயுதம் ரேடியோ அலை இடையூறு (ஜாமிங்). இயக்குபவருக்கும் டிரோனுக்கும் இடையிலான ரேடியோ தொடர்பு, இலக்கை நெருங்கித் தாழும்போது அறுந்துவிடும். அதற்கு இரண்டு மாற்று கண்டார்கள். ஒன்று, பல கிலோமீட்டர் ஒளியிழையை அவிழ்த்துக்கொண்டே பறப்பது. எடை கூடும், மரத்தில் சிக்கும், ஆனால் இடையூறு பலிக்காது. இன்னொன்று, கடைசிச் சில நூறு மீட்டரில் கேமரா குறித்துக்கொண்ட இலக்கை டிரோனே பின்தொடர்வது. இதற்குச் சந்தையில் கிடைக்கும் சிறிய கணினிப் பலகையே போதும். எந்த ஏற்றுமதி விதியாலும் அதைத் தடுத்துவிட முடியாது. ரஷ்ய ஏவுகணைகளின் இடிபாடுகளில் மேற்கத்தியச் சிப்கள் தொடர்ந்து கிடைப்பதே சான்று. இங்கே வேண்டியது சர்வதேச உடன்படிக்கை. 2023 டிசம்பரில் தானியங்கி ஆயுதங்கள் பற்றிய ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தை 152 நாடுகள் ஆதரித்தன. இந்தியா ரஷ்யாவோடு சேர்ந்து எதிர்த்து வாக்களித்தது. அந்த வாக்கு தவறு என்றே கருதுகிறேன்.

இந்தியா நிற்கும் இடத்தை 2025இன் நான்கு மாதங்கள் காட்டிவிட்டன. ஜனவரி 13 அன்று அமெரிக்காவின் பைடன் அரசு ஏஐ சிப் விற்பனைக்காக உலகை மூன்று வரிசையாகப் பிரித்தது. 18 நாடுகளுக்குத் தடையில்லை. இந்தியா நடு வரிசை, மூன்றாண்டுகளுக்குச் சுமார் 50,000 உயர்தரச் சிப் என்ற உச்சவரம்போடு. நடைமுறைக்கு வர இரண்டு நாள் இருக்கையில் மே 13 அன்று டிரம்ப் அரசு அதைக் கைவிட்டது. வந்ததும் போனதும் நம்மைக் கேட்டு நடக்கவில்லை. 10,372 கோடி ரூபாயில் 2024 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற இந்தியா ஏஐ திட்டத்தின் பொதுக் கணினி வசதியும் பெரும்பகுதி வெளிநாட்டுச் சிப்களால் ஆனதே.

இனி இந்தியா ஏஐ சிப் வாங்கும் ஒப்பந்தம் பற்றிச் செய்தி வரும்போது எத்தனை ஆயிரம் சிப் என்பதை இரண்டாவதாகப் படியுங்கள். முதலில் தேட வேண்டியவை: உரிமம் ரத்தானால் வாங்கிய சிப்பின் மென்பொருள் புதுப்பிப்பு தொடருமா, உதிரி பாகம் நாட்டுக்குள் எத்தனை மாதத்துக்கு இருப்பில் இருக்கும், பழுது பார்க்க வருபவர் எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். 2022 அக்டோபர் விதி வந்த சில நாட்களில் சீன ஆலைகளில் இருந்த அமெரிக்கப் பொறியாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியேற வேண்டிவந்தது. இயந்திரங்கள் அங்கேயேதான் இருந்தன.