வாசகர் கேள்வி – பதில்: கைப்பொதியும் மடிக்கணினியும்

கேள்வி: என் மகள் மேற்படிப்புக்காகக் கட்டுநாயக்கவிலிருந்து துபாய் வழியாக மான்செஸ்டர் செல்கிறாள். பயணச்சீட்டில் கைப்பொதி 7 கிலோ என்று போட்டிருக்கிறது. மடிக்கணினி அந்த 7 கிலோவுக்குள் அடங்குமா, அல்லது அதற்குப் புறம்பானதா? லண்டனில் இருக்கும் என் தம்பியோ, மடிக்கணினியை யாரும் நிறுப்பதில்லை, கைப்பொதியே 23 கிலோ வரை கொண்டு வரலாம் என்கிறான். எதை நம்புவது?
— வாசகி, உவர்மலை

பதில்: உங்கள் தம்பி சொல்வது பொய்யன்று, அவர் வேறொரு விமான நிறுவனத்தின் விதியைச் சொல்கிறார். பிரிட்டிஷ் எயார்வேஸ் கைப்பொதிக்கு 23 கிலோ வரை இடம் கொடுக்கிறது. துபாய் வழியாகச் செல்லும் எமிரேட்ஸ் விமானத்தின் சாதாரண வகுப்பிலோ ஒரேயொரு கைப்பொதிதான், அதுவும் 7 கிலோதான். மடிக்கணினி தனிப் பையில் இருந்தால் அந்தப் பையே உங்கள் கைப்பொதியாகக் கணக்கிடப்படும். இண்டிகோவில் 7 கிலோவுக்கு மேலதிகமாக மடிக்கணினிப் பை போன்ற ஒரு சிறு பொருளை 3 கிலோ வரை எடுத்துச் செல்லலாம். எயார் ஏசியாவில் இரண்டு பொதிகள் அனுமதிக்கப்பட்டாலும், மடிக்கணினியையும் சேர்த்து இரண்டினதும் மொத்த நிறை 7 கிலோவைத் தாண்டக்கூடாது. ஆகவே இக்கேள்விக்கு எல்லா விமானங்களுக்கும் பொதுவான ஒரு விடை கிடையாது. பயணச்சீட்டில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதோ, அதன் விதியைப் புறப்படும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். பயணத்தின் இரண்டு கட்டங்களையும் வெவ்வேறு நிறுவனங்கள் நடத்துமாயின், இரண்டில் எது கண்டிப்பானதோ அதற்கேற்பப் பொதி கட்டுவதே புத்தி.

இனி நிறைக் கணக்குக்கு வருவோம். சில்லுப் பூட்டிய கைப்பெட்டி வெறுமையாகவே இரண்டரை கிலோ வரை இருக்கக்கூடும். மடிக்கணினிக்கு இரண்டு கிலோ, அதன் மின்னேற்றிக்கு அரைக் கிலோ என்று வைத்துக்கொண்டால், சான்றிதழ் கோவையையும் ஒரு மாற்றுடுப்பையும் வைக்க முன்னரே 5 கிலோ போய்விடுகிறது. முதுகுப்பை ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும் என்பதால், மடிக்கணினியுடன் போகும் மாணவருக்கு நான் எப்போதும் முதுகுப்பையையே சொல்வேன். வீட்டில் பொதி நிறுக்கும் தராசு இல்லையென்றால், ஆள் நிறுக்கும் தராசில் முதலில் வெறுங்கையுடனும் பின்னர் பையுடனும் ஏறி நின்று வித்தியாசத்தைப் பார்த்தால் போதும். மின்னேற்றிக்குள் மின்கலம் இல்லை. அதைத் தாராளமாகச் சூட்கேசுக்குள் போட்டுவிடலாம். திருகோணமலையிலிருந்து ஆறேழு மணித்தியாலம் வாகனத்தில் போய், கருமபீடத்துக்கு முன்னால் தரையில் குந்தியிருந்து சூட்கேசைத் திறந்து மூடும் குடும்பங்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் பதற்றத்தில் கைப்பையிலிருந்து சூட்கேசுக்கு மாறுவது பெரும்பாலும் பாரமான பொருள்தான். அதாவது, கையிலேயே இருக்க வேண்டிய மடிக்கணினி.

இன்னொன்று: தம்பலகாமத்து எருமைத் தயிர்ச் சட்டியை மகளின் கையில் கொடுத்துவிட எண்ணினால் வேண்டாம். பாதுகாப்புச் சோதனையில் தயிரும் திரவமாகவே கருதப்படும். கைப்பொதியில் திரவத்துக்குள்ள வழக்கமான எல்லை, கொள்கலன் ஒன்றுக்கு 100 மில்லிலீற்றர்.

கேள்வி: அடுத்த மாதம் பலாலியிலிருந்து சென்னைக்குப் போகிறேன். அது சிறிய விமானம் என்பதால், ஏறும் இடத்தில் வைத்துக் கைப்பெட்டியை வாங்கிக் கீழே ஏற்றிவிடுவார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். என் மடிக்கணினி அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும். என்ன செய்வது?
— வாசகர், நிலாவெளி

பதில்: பலாலி–சென்னைச் சேவையில் பறப்பவை எழுபதுக்கும் சற்று மேற்பட்ட இருக்கைகள் கொண்ட ஏ.டி.ஆர். 72 வகை விமானங்கள். அவற்றில் தலைக்கு மேலுள்ள பெட்டகம் சிறியது. சில்லுப் பெட்டிகள் அதற்குள் அடங்காதபோது அவற்றைக் கீழே ஏற்றுவது உலகெங்கும் உள்ள வழக்கமே. அதில் பிழையில்லை. பெட்டியைக் கொடுக்க முன் அதிலிருந்து எதை எடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மடிக்கணினி, பவர் பேங்க், உதிரி மின்கலம் ஆகிய மூன்றிலும் இருப்பது லிதியம் மின்கலம். நசுங்கினாலோ உள்ளே குறுஞ்சுற்று ஏற்பட்டாலோ, மின்கலம் தன் வெப்பத்தாலேயே மேலும் சூடேறித் தீப்பற்றக்கூடும். பயணிகள் இருக்கும் பகுதியில் அது நடந்தால் யாராவது புகையைக் காண்பார்கள், பணியாளர்கள் தீயை அணைத்துத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பார்கள். சரக்கறையில் எட்டிப் பார்க்க ஆளில்லை. அங்குள்ள தீயணைப்பு வாயு சுவாலையை அடக்கினாலும் மின்கலத்துக்குள் ஏறும் வெப்பத்தை நிறுத்தாது. அதனால்தான் பவர் பேங்க்கும் உதிரி மின்கலமும் சூட்கேசில் வைக்க முற்றாகத் தடை செய்யப்பட்டுள்ளன. மடிக்கணினி விடயத்தில் விதி சற்றுத் தளர்வானது: கையில் வைத்திருப்பதே விரும்பப்படுகிறது, கீழே போக நேர்ந்தால் முழுமையாக நிறுத்தப்பட்டு, அடிபடாதபடி பொதியப்பட்டிருக்க வேண்டும். மூடியை மூடித் தூங்க வைப்பது நிறுத்தியதாகாது.

எனவே மடிக்கணினியை ஒரு மெல்லிய தனி உறைக்குள் இட்டு, பவர் பேங்க்கையும் கடவுச்சீட்டையும் அந்த உறையின் பக்கப் பையில் வைத்து, பெட்டியின் மேற்தட்டிலேயே வையுங்கள். பெட்டியைக் கேட்டால் சிப்பைத் திறந்து உறையை மட்டும் உருவிக்கொண்டு ஏறிவிடலாம். பாதுகாப்புச் சோதனையில் மடிக்கணினியை வெளியே எடுத்துத் தனித் தட்டில் வைக்கச் சொல்லும்போதும் அதே உறை உதவும். ஒருமுறை நான் சட்டைகளுக்கு அடியில் புதைத்து வைத்த கணினியைத் தோண்டி எடுக்கும் வரை எனக்குப் பின்னால் நின்ற வரிசை முழுவதும் என் துவாயையும் மருந்துப் பெட்டியையும் பார்த்துக்கொண்டு நின்றது. கணினியில் சிறிதளவாவது மின்னேற்றம் இருக்கட்டும். இயக்கிக் காட்டும்படி அதிகாரி கேட்கலாம்.

கேள்வி: தோஹாவில் இருக்கும் தம்பிக்கு 30,000 மில்லி அம்பியர் மணி பவர் பேங்க் வாங்கி வைத்திருக்கிறேன். கொண்டுபோக விடுவார்களா?
— வாசகர், கிண்ணியா

பதில்: விதி பார்ப்பது மில்லி அம்பியர் மணியை அல்ல, வாற்று மணியை (Wh), அதாவது மின்கலம் தேக்கிவைக்கும் ஆற்றலின் அளவை. மில்லி அம்பியர் மணியை 3.7 வோல்ற்றால் பெருக்கி 1,000ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்: உங்களுடையது 111 வாற்று மணி. 100 வரை அனுமதி கேட்கத் தேவையில்லை. 100க்கும் 160க்கும் இடைப்பட்டதற்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். அதற்கு மேல் இடமே இல்லை. 20,000 என்றால் 74 வாற்று மணி, தொல்லையில்லை. கடைக்காரர் மாற்றித் தருவாரென்றால் மாற்றிவிடுங்கள். அளவு அச்சிடப்படாத மலிவுப் பொருளாக இருந்தால் சோதனையில் பறிபோகவும் கூடும்.

தென்கொரியாவின் பூசான் விமான நிலையத்தில் 2025 ஜனவரி 28 அன்று புறப்படக் காத்திருந்த விமானம் ஒன்று தீப்பற்றியது. அதிலிருந்த 176 பேரும் உயிர் தப்பினர். மேற்பெட்டகத்தில் இருந்த பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் தெரிவிக்கப்பட்ட பின்னர், பல நிறுவனங்கள் விதியை இறுக்கின. 2025 ஒக்டோபர் முதல் எமிரேட்ஸ் ஒருவருக்கு ஒன்றை மட்டுமே, அதுவும் 100 வாற்று மணிக்குக் குறைந்ததை மட்டுமே அனுமதிக்கிறது. பறக்கும்போது அதைப் பயன்படுத்தவோ மேலே வைக்கவோ முடியாது. எந்த விமானமானாலும் அதை முன்னிருக்கைப் பையிலோ காலடியிலோ வைப்பதே நல்லது.

கேள்வி: என் பழைய மடிக்கணினியின் அடிப்பக்கம் சற்று உப்பியிருக்கிறது, வேலை செய்கிறது. பயணத்தில் கொண்டுபோகலாமா?
— வாசகி, சாம்பல்தீவு

பதில்: கூடாது, கையிலும் கூடாது, சூட்கேசிலும் கூடாது. உப்பியது மின்கலம், பழுதடைந்த மின்கலத்தை எந்த விமானமும் ஏற்காது. 2019இல் அப்பிள் நிறுவனம் தனது 2015ஆம் ஆண்டு 15 அங்குல மக்புக் புரோ கணினிகள் சிலவற்றின் மின்கலங்களைத் திரும்பப் பெற்றபோது, மின்கலம் மாற்றப்படாத கணினிகளைப் பல விமான நிறுவனங்கள் தடை செய்தன. திருத்துபவரிடம் கொடுத்து மின்கலத்தை மாற்றுங்கள். நேரமில்லையென்றால் அதைக் கழற்றிவிட்டுக் கணினியை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்; போன இடத்தில் புதியதைப் போட்டுக்கொள்ளலாம். கழற்றியதை அவரிடமே விட்டுவிடுங்கள், வீட்டுக் குப்பையுடன் சேர்க்க வேண்டாம்.