கோல்ஃப் பந்தில் குழிகள் எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் மூன்று, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்திருந்தாலும், ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன. அவற்றுக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் பத்தாம் வகுப்பு மாணவி. வீட்டில் எந்தச் சாதனம் பழுதானாலும் அதைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது சிறு வயதிலிருந்தே என் வழக்கம். இப்போது கோல்ஃப் பயின்று, சிறுவர்களுக்கான போட்டிகளிலும் ஆடி வருகிறேன். பந்தின் மேல் இத்தனை சிறு குழிகள் ஏன் என்று கேட்டால், "தூரம் போவதற்காக" என்கிறார்கள். வழவழப்பான பந்துதானே காற்றில் எளிதாகச் செல்ல வேண்டும்?
– பத்தாம் வகுப்பு மாணவி, கோயம்புத்தூர்

பதில்: கோல்ஃப் பந்து செய்தவர்களும் ஒரு காலத்தில் உங்களைப் போலத்தான் நினைத்தார்கள். 1840-களின் இறுதியில், அதுவரை புழக்கத்தில் இருந்த தோலுக்குள் இறகு அடைத்த பந்துக்குப் பதிலாக, மலாயா மரம் ஒன்றின் பாலிலிருந்து கிடைக்கும் கட்டாபர்ச்சா என்னும் பொருளால் பந்து செய்யத் தொடங்கினார்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் படித்துக்கொண்டிருந்த ராபர்ட் பேட்டர்சன் என்ற மாணவர், கீழைநாட்டிலிருந்து வந்த ஒரு விஷ்ணு சிலையைச் சுற்றி அடைத்திருந்த கட்டாபர்ச்சாவை உருக்கி முதல் பந்தைச் செய்தார் என்று ஒரு கதை வழங்கி வருகிறது. அது எந்த அளவுக்கு உண்மையோ, அந்தப் பந்து வழவழப்பாக இருந்தது என்பதும், புதிதாக இருக்கும்போது சரியாகப் பறக்கவில்லை என்பதும் உண்மை. ஆடி ஆடி வெட்டும் கீறலும் விழுந்த பழைய பந்துகள் புதியவற்றைவிட நன்றாகப் பறப்பதை ஆட்டக்காரர்கள் கவனித்து, புதுப் பந்துகளையும் சுத்தியலால் கொத்தி விற்கத் தொடங்கினார்கள். இன்று நாம் காணும் வட்டக் குழிகளுக்கு வில்லியம் டெய்லர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1905-இல் காப்புரிமை கோரினார்.

இனிக் காரணத்துக்கு வருவோம். பறக்கும் பந்தின் மேற்பரப்பை ஒட்டி மிக மெல்லிய காற்றுப் படலம் ஒன்று நகர்கிறது. பந்து வழவழப்பாக இருந்தால் அந்தப் படலம் ஒழுங்காக வழுக்கிக்கொண்டு வந்து, பந்தின் நடுப்பகுதியை எட்டும் தருணத்திலேயே பரப்பை விட்டுப் பிரிந்துவிடும். பந்தின் பின்னால் அழுத்தம் குறைந்த, அகலமான ஒரு கலங்கல் வெளி உண்டாகி, அது பந்தைப் பின்னோக்கி இழுக்கும். குழிகள் அந்தப் படலத்தை வேண்டுமென்றே கலக்கிவிடுகின்றன. கலங்கிய படலம் வெளியிலுள்ள வேகமான காற்றோடு கலந்து வலுப்பெறுவதால், பந்தின் பின்புறம் வரை ஒட்டிக்கொண்டு சென்று தாமதமாகப் பிரிகிறது. பின்னாலுள்ள கலங்கல் வெளி குறுகி, இழுவை ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது.

குழிகளின் பயன் இதோடு முடிவதில்லை. மட்டையின் முகம் சாய்ந்திருப்பதால், அரை மில்லி விநாடி மட்டுமே நீடிக்கும் அந்த மோதலில் பந்து பின்னோக்கிச் சுழலத் தொடங்குகிறது. தேர்ந்த ஆட்டக்காரர், நெடுந்தூரம் அடிப்பதற்கான 'டிரைவர்' என்னும் மட்டையால் அடிக்கும் பந்து நிமிடத்துக்கு 2,500 சுற்றுகள் அளவிலும், 'அயர்ன்' எனப்படும் உலோகத் தலை மட்டைகளில் ஏழாம் எண் மட்டையால் அடிக்கும் பந்து 7,000 சுற்றுகள் அளவிலும் சுழலும். இந்தச் சுழற்சியால் பந்தின் மேற்புறக் காற்று அதிக நேரம் ஒட்டிச் சென்று கீழ்நோக்கித் திருப்பப்படுகிறது. காற்று கீழே தள்ளப்படுவதால் பந்து மேலே தூக்கப்படுகிறது. இதையே மேக்னஸ் விளைவு என்கிறோம்.

இந்த உண்மையைக் கோல்ஃபுக்குப் பொருத்தி ஆராய்ந்தவர் எடின்பரோ பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் பீட்டர் கத்ரி டெய்ட். இந்த ஆட்டத்தின் மீது அவருக்கு இருந்த பித்து எவ்வளவு என்றால், இருட்டிய பிறகும் ஆடுவதற்காக ஒளிரும் பொருள் பூசிய பந்துகளைச் செய்து பார்த்தார். 1890-களில் அவர் செய்த சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. முறுக்கில்லாத நீண்ட நாடாவின் ஒரு முனையைப் பந்திலும் மறுமுனையை அசையாத ஓரிடத்திலும் பொருத்திப் பந்தை அடிக்கச் செய்து, நாடாவில் ஏறிய முறுக்குகளை எண்ணி, பந்து எத்தனை முறை சுழன்றது என்று கண்டுபிடித்தார். இன்றைய அதிவேகக் கேமராவும் ரேடாரும் இல்லாத காலத்தில் ஒரு நாடாவைக் கொண்டு சுழற்சியை அளந்திருக்கிறார். அவருடைய மகன் ஃபிரெடி டெய்ட் 1896-லும் 1898-லும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தை வென்ற பெரிய ஆட்டக்காரர். தந்தை ஆராய்வதும் மகன் அடிப்பதுமாக ஒரே வீட்டில் இரண்டும் நடந்திருக்கின்றன.

நீங்களும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பழைய பந்து ஒன்றின் குழிகளை எம்-சீல் கொண்டு நிரப்பி, காய்ந்ததும் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து வழவழப்பாக்குங்கள். விதிப்படி பந்தின் எடை 45.93 கிராமைத் தாண்டக்கூடாது. உங்கள் பந்து சற்றே தாண்டும் என்பதால் இரு பந்துகளின் எடையையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரே மட்டையால் இரண்டையும் மாற்றி மாற்றிப் பல முறை அடித்து, விழுந்த தூரங்களை, தவறாகப் பட்ட அடிகள் உட்பட, ஒன்றுவிடாமல் எழுதுங்கள். சரியாக விழாத அடிகளை நீக்கிவிட்டு எழுதும் குறிப்பு ஆட்டத்துக்கும் உதவாது, அறிவியலுக்கும் உதவாது.

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். இயந்திரப் பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. கோல்ஃப் போட்டிகளிலும் நன்றாக ஆடுகிறான். ஜே.இ.இ. தேர்வுக்காக ஆட்டத்தை அடியோடு நிறுத்தச் சொல்கிறார்கள் உறவினர்கள். இரண்டிலும் ஒருவர் உயர்நிலைக்குச் சென்றதுண்டா?
– ஒரு தந்தை, சென்னை

பதில்: உண்டு. கோல்ஃப் வரலாற்றின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றான பாபி ஜோன்ஸ் ஓர் இயந்திரப் பொறியியல் பட்டதாரி. 1902-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் பிறந்த அவர் சிறு வயதில் உடல் மெலிந்த, அடிக்கடி நோயில் விழும் பிள்ளை. ஈஸ்ட் லேக் கோல்ஃப் மைதானத்தில் ஸ்டூவர்ட் மெய்டன் என்ற ஸ்காட்லாந்து ஆட்டக்காரர் பயிற்சியாளராக இருந்தார். சிறுவன் ஜோன்ஸ் அவர் பின்னாலேயே நடந்து, அவர் மட்டையை வீசும் விதத்தை உற்றுப் பார்த்துத் தானும் அப்படியே வீசிப் பழகினான். 14 வயதில், 1916-இல், அமெரிக்க அமெச்சூர் போட்டியில் ஆடினார். 1922-இல் ஜார்ஜியா டெக் என்னும் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். அடுத்து ஹார்வர்டில் ஆங்கில இலக்கியம் படித்தார். பின்னர் சட்டமும் படித்து வழக்கறிஞரானார். 1923-இல் தொடங்கி 1930-க்குள் 13 பெரும் பட்டங்களை வென்றார். 1930-இல் மட்டும் அமெரிக்க, பிரிட்டிஷ் ஓபன் பட்டங்களையும் இரு நாடுகளின் அமெச்சூர் பட்டங்களையும் ஒரே ஆண்டில் கைப்பற்றி, 28-ஆம் வயதில் போட்டிகளிலிருந்து விலகினார். இத்தனையும் பரிசுப் பணம் பெறாத அமெச்சூராகவே ஆடியவை.

உறவினர்களின் அறிவுரைக்கு நேரான மறுமொழி இவர் வாழ்க்கையில் இருப்பதாக எண்ணுகிறேன். 14 வயதில் புகழ் பெற்றவருக்கு முதல் பெரும் பட்டம் கிடைக்க ஏழு ஆண்டுகள் ஆயின; அந்த ஆண்டுகளின் பெரும்பகுதி கல்லூரி ஆண்டுகள். இளமையில் அவர் கடும் கோபக்காரர். 1921-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த பிரிட்டிஷ் ஓபனில், ஆட்டம் சரியாக வராத ஆத்திரத்தில் நடுவிலேயே பந்தை எடுத்துக்கொண்டு விலகிவிட்டார். அதே மனிதர் 1925 அமெரிக்க ஓபனில், அடிக்கும் முன் பந்து அசைந்துவிட்டது என்று, வேறு யாரும் கண்டிராத நிலையில், தாமாகவே சொல்லி, குறைந்த அடிகளில் முடிப்பவரே வெல்லும் இந்த ஆட்டத்தில் தம் கணக்கில் ஓர் அடியைத் தண்டமாகக் கூட்டிக்கொண்டார். அந்தப் போட்டி சமநிலையில் முடிந்து, மறு ஆட்டத்தில் அவர் தோற்றார். அந்த ஓர் அடி இல்லாதிருந்தால் பட்டம் அவருடையது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவருக்குள் நடந்த மாற்றத்தைப் படிப்பு மட்டுமே தந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் படிப்பு அதற்குத் தடையாக இருக்கவில்லை என்பது தெளிவு. ஓய்வு பெற்ற பின் ஸ்பால்டிங் என்னும் விளையாட்டுப் பொருள் நிறுவனத்துக்காக இரும்புத் தண்டு மட்டைகளை வடிவமைப்பதிலும் பங்கேற்றார். தம் கை உணர்வை மட்டுமே நம்பி அவர் பொறுக்கிச் சேர்த்த பழைய மரத்தண்டு மட்டைகளைப் பிற்காலத்தில் சோதித்தபோது, ஒன்றைத் தவிர மற்றவை வியக்கத்தக்க அளவு ஒத்திருந்தன என்றும், அந்த ஒன்றுதான் அவருக்கு எப்போதும் தொல்லை கொடுத்த மட்டை என்றும் சொல்லப்படுவதுண்டு.

நம் காலத்துக்கு வந்தால், கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பிரைசன் டிஷாம்போவைச் சொல்லலாம். வழக்கமாக அயர்ன் மட்டைகள் ஒவ்வொன்றும் அடுத்ததைவிட அரை அங்குல அளவில் நீளம் மாறும். ஒவ்வொரு மட்டைக்கும் உடலின் நிலையை மாற்றிக்கொள்வது ஏன் என்று கேட்டு, பதின்ம வயதிலேயே எல்லா அயர்ன்களையும் ஒரே நீளத்தில் அமைத்துக்கொண்டவர். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் மாணவராக இருந்தபோது, 2015-இல், அமெரிக்கக் கல்லூரிகளுக்கான தனிநபர் பட்டத்தையும் அமெரிக்க அமெச்சூர் பட்டத்தையும் வென்றார். 2020-லும் 2024-லும் அமெரிக்க ஓபன் பட்டம் அவருடையதாயிற்று. ஆனால் அவர் பட்டப்படிப்பை முடிக்காமலே 2016-இல் தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றுவிட்டார் என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். பெங்களூரின் அதிதி அசோக் பள்ளிப் பருவத்திலேயே தொழில்முறை வீராங்கனையானார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றார். ஜோன்ஸின் காலம் போலன்றி, இன்று உச்சத்தில் ஆடுவது ஒரு முழுநேரப் பணி. இரண்டையும் கடைசிவரை சம அளவில் கொண்டுசெல்வது மிக அரிது. அதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட நான் விரும்பவில்லை.

எனவே என் கருத்து இது: பிளஸ் டூ முடியும்வரை வெளியூர்ப் போட்டிகளைக் குறைத்துக்கொள்ளலாம், ஆட்டத்தை நிறுத்த வேண்டாம். வாரத்தில் சில மணி நேரம், குழியைச் சுற்றியுள்ள 'கிரீன்' என்னும் புல்தரையில் பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டிங் பயிற்சி செய்தாலே கை உணர்வு மங்காமல் இருக்கும். பொறியியல் படித்துவிட்டால் ஆட்டம் தொலைந்துபோகும் என்ற அச்சமும் தேவையில்லை. பறக்கும் பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் டாப்ளர் ரேடாரால் அளக்கும் கருவிகள், டிரைவரின் தலையை 460 கன சென்டிமீட்டர் என்ற விதி வரம்புக்குள் இழைத்தெடுக்கும் உலோகவியல், புல்தரையின் நீர் மேலாண்மை என இந்த ஆட்டத்துக்குள்ளேயே பொறியாளர்களுக்கு நிறைய வேலை இருக்கிறது. மட்டையைக் கையில் பிடித்து ஆடிய பொறியாளருக்கு அங்கே தனி மதிப்பு உண்டு.

கேள்வி: எங்கள் பள்ளி மாணவர்கள் கோல்ஃப் மைதானத்தை வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவர்கள். மட்டை வாங்கும் வசதி யாருக்கும் இல்லை. அவர்களுடைய ஆர்வத்தை அறிவியல் வகுப்பில் பயன்படுத்த வழி உண்டா?
– அரசுப் பள்ளி ஆசிரியர், உதகமண்டலம்

பதில்: உங்கள் மாணவர்களுக்கு முதலில் கார்ஸ்டன் சோல்ஹைமைப் பற்றிச் சொல்லுங்கள். நார்வேயில் 1911-இல் பிறந்து குழந்தையாகவே அமெரிக்கா வந்தவர். பணமில்லாமல் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டுச் செருப்புத் தைக்கும் கடையில் உழைத்தவர். பிறகு விட்ட படிப்பைத் தொடர்ந்து, ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளரானவர். 42-ஆம் வயதில்தான் கோல்ஃப் ஆடத் தொடங்கினார். பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர் மட்டை, நடுவில் படாமல் ஓரத்தில் பட்டால் கையில் முறுக்கிக்கொள்வது அவரை உறுத்தியது. ஐஸ் குச்சிகளையும் சர்க்கரைக் கட்டிகளையும் ஒட்டி மாதிரி செய்து பார்த்து, எடையை மட்டையின் இரு ஓரங்களுக்கும் தள்ளினால் முறுக்கம் குறையும் என்று கண்டார். 1959-இல் தம் வீட்டு கராஜில் முதல் பட்டரைச் செய்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் பிங் என்னும் கோல்ஃப் மட்டை நிறுவனம். பதினோராம் வகுப்பில் நீங்கள் நடத்தும் நிலைமத் திருப்புத்திறன், அதாவது ஒரு பொருள் தன் சுழற்சி மாறுவதை எதிர்க்கும் அளவு, பற்றிய பாடமே இது. அதே நிறையை அச்சிலிருந்து இரு மடங்கு தூரத்தில் வைத்தால் அதன் நிலைமத் திருப்புத்திறன் நான்கு மடங்காகும் என்பதை, ஓர் அளவுகோலும் இரண்டு களிமண் உருண்டைகளும் கொண்டு வகுப்பிலேயே உணரச் செய்யலாம்.

இரண்டாவதாக, ஸ்டிம்ப்மீட்டர். 1935 அமெரிக்க ஓபனை நேரில் பார்த்த எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்ற ஆட்டக்காரர், கிரீனின் வழுக்கலை எண்ணால் சொல்ல வேண்டும் என்று கருதி அமைத்த எளிய சரிவுப் பாதை இது. இன்றைய வடிவம் சுமார் 91 சென்டிமீட்டர் நீளமுள்ள, பள்ளம் பதித்த அலுமினியச் சட்டம். மேல்முனைக்கு அருகே உள்ள வெட்டில் பந்தை வைத்து மெல்ல உயர்த்தினால், ஏறக்குறைய 20 பாகைச் சாய்வில் பந்து தானாக விடுபட்டு, விநாடிக்கு 1.83 மீட்டர் வேகத்தில் தரையை அடையும். அது உருண்டு நிற்கும் தூரமே அளவு. கடையில் கிடைக்கும் அலுமினியக் கோணச் சட்டத்தில் மாணவர்களே இதைச் செய்துவிடலாம். வேகத்தை மட்டும் நிறுத்து கடிகாரத்தால் தனியே அளந்துகொள்ள வேண்டும்.

கணக்கு எளிது. வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் எதிர்முடுக்கம், அதாவது வேகம் குறையும் வீதம், கிடைக்கும். விநாடிக்கு 1.83 மீட்டர் வேகத்தில் புறப்பட்ட பந்து 3.05 மீட்டரில் நின்றால் அது 0.55 மீட்டர்/விநாடி² ஆகும். பள்ளி மைதானம், சிமெண்ட் தரை, ஈரப்புல், காய்ந்த புல் என்று மாற்றி மாற்றி அளக்கட்டும். உதகையில் சமதளம் கிடைப்பது கடினம் என்பதால் மேட்டை நோக்கி ஒருமுறை, பள்ளத்தை நோக்கி ஒருமுறை உருட்டச் சொல்லுங்கள். அப்போது இரு தூரங்களுக்கும் நேரடியாகச் சராசரி எடுத்தால் விடை பிழையாகும். இரு எதிர்முடுக்கங்களையும் தனித்தனியே கண்டு அவற்றுக்குச் சராசரி எடுத்தால்தான் சரிவின் விளைவு நீங்கும். ஏன் அப்படி என்று மாணவர்களிடமே முதலில் கேட்டுப் பாருங்கள். விடையை நீங்கள் சொல்வதற்கு முன் அவர்களுக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள்.