ஒரு நகமா, பத்து நகமுமா?

தோல் மருத்துவரிடம்தான் நகக் கேள்விகளும் வந்து சேரும். யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது: ஒரு நகத்திலா, எல்லா நகத்திலுமா? ஒன்றில் மட்டும் என்றால் பெரும்பாலும் அந்த விரலின் பிரச்சினை. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருந்தால் உடம்பைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: மகளுக்கு நகத்தில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள். கால்சியம் மாத்திரை கொடுக்கலாமா டாக்டர்?

வேண்டாம். நகத்தின் வேரில் எப்போதோ பட்ட சின்ன அடி அது. எங்காவது இடித்திருப்பாள், அல்லது நகம் கடிக்கிற பழக்கம் இருக்கும். புள்ளி மெல்ல நுனிக்கு நகர்ந்து வரும், ஒரு நாள் நகத்தோடு வெட்டிப் போட்டுவிடுவீர்கள்.

கேள்வி: பத்து விரல்களிலும் நகத்தின் குறுக்கே ஒரு பள்ளம், ஒரே மட்டத்தில். உடம்பில் எந்தக் கோளாறும் இல்லையே?

இப்போது இல்லை, சரி. இரண்டு மூன்று மாதம் முன்னால்? உடம்பு பெரிய நோயோடு மல்லுக்கட்டும்போது நகம் வளர்வது சில நாள் தடைப்படும். அந்தத் தடையின் தடம்தான் பள்ளம். 1846-இல் இதை விவரித்த போ என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் ‘போ கோடு’ என்கிறோம். கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மி.மீ. வளரும். ஸ்கேலை எடுத்து, நகம் தோலுக்குள் நுழையும் இடத்திலிருந்து பள்ளம் வரை அளந்து பாருங்கள். 6 மி.மீ. என்றால் இரண்டு மாதம். வேர் தோலுக்கு அடியில் இருப்பதால் இன்னும் சில வாரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

(அவரே மறுபடியும்) அளந்தேன் டாக்டர். நிமோனியாவில் படுத்திருந்த சமயத்துக்குப் போய் நிற்கிறது!

அப்படியென்றால் சிகிச்சை எதுவும் வேண்டாம். தானாக வளர்ந்து வெளியேறிவிடும்.

கேள்வி: அப்பாவின் விரல் நுனிகள் உருண்டு, நகம் கிளி மூக்கு மாதிரி வளைந்திருக்கிறது. வயசானால் அப்படித்தானா?

வயதின் மேல் பழி போடாதீர்கள். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் மடக்கி, நகமும் நகமும் ஒட்டுகிற மாதிரி முதுகோடு முதுகாக வைக்கச் சொல்லுங்கள். நகங்களின் அடிப்பாகத்தில், தோலை ஒட்டி, வைர வடிவில் சின்ன இடைவெளி தெரிய வேண்டும். அது அடைபட்டிருந்தால் நுரையீரல், இதயம், ஈரல், குடல் இவற்றைப் பரிசோதிக்க வேண்டும். நுரையீரல் புற்றும் அந்தப் பட்டியலில் உண்டு, தள்ளிப்போடாதீர்கள். ஷாம்ராத் என்ற தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் தனக்கே இதயத்தில் தொற்று வந்தபோது, தன் விரல்களில் இந்த இடைவெளி மறைவதைக் கவனித்து 1976-இல் எழுதினார். படுக்கையிலும் மருத்துவர் மருத்துவர்தான்!

சில பேருக்குப் பிறவியிலேயே, பரம்பரையாக இப்படி இருக்கும். பழைய புகைப்படத்தில் விரல்களைப் பாருங்கள்.

கேள்வி: கட்டைவிரல் நகத்தில் நீளவாக்கில் ஒரு கறுப்புக் கோடு. பயப்படணுமா மேடம்?

கறுத்த தோல் உள்ளவர்களுக்குப் பல நகங்களில் இப்படிக் கோடு இருப்பது சகஜம். ஆனால் ஒரே நகத்தில் புதிதாக வந்து, அகலமாகிக்கொண்டே போய், கறுப்பு பக்கத்துத் தோலுக்கும் பரவினால் உடனே காட்டுங்கள். மெலனோமா என்ற தோல் புற்றாக இருக்கலாம். பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் விரல் நகத்தடியில் கண்டுபிடித்தது இதைத்தான். 1981-இல் இறந்தபோது வயது 36. அடிபட்ட ரத்தக்கட்டு என்றால் நகத்தோடு சேர்ந்து முன்னால் நகரும். வாரம் ஒரு போட்டோ எடுத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

கேள்வி: நீளவாக்கில் வரி வரியாக இருக்கிறது.

நகத்துக்கும் நரை உண்டு. விடுங்கள்.

கேள்வி: நகம் ஸ்பூன் மாதிரி குழிந்திருக்கிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது.

இரண்டும் சேர்ந்திருப்பதால் ரத்தத்தில் ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள், இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். குறைவு என்று வந்தால் ஏன் குறைந்தது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். மாத்திரையோடு நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: கால் நகம் தடித்து மஞ்சளாகிவிட்டது. பூஞ்சைக்கு மருந்து வாங்கிப் போடட்டுமா?

முதலில் நகத் துணுக்கைச் சோதனைக்கு அனுப்புங்கள். சொரியாசிஸ், இறுக்கமான ஷூ எல்லாம் இதே வேஷம் போடும். பூஞ்சையேதான் என்றாலும் கால்நகம் முழுசாக மாற ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும், மூன்றாம் மாதமே மருந்து வேலை செய்யவில்லை என்று எனக்கு எழுதாதீர்கள்.