பி.ஜி. 352 போன்ற நெல் இனங்களை உருவாக்குவது யார்? அதற்கு மகன் என்ன படிக்க வேண்டும்?

கொழும்பு வெள்ளவத்தையில் அரிசி வாங்கப் போனால் கீரிச் சம்பா, நாட்டரிசி, சிவப்புப் பச்சை என்றுதான் கேட்போம். அந்தக் கீரிச் சம்பாவுக்கு வயலில் பெயர் பி.ஜி. 360. பி.ஜி. என்றால் குருநாகல் பக்கம் உள்ள பத்தலகொட, ஏ.டி. என்றால் அம்பலாந்தோட்டை, அந்த இனம் பிறந்த ஆராய்ச்சி நிலையம் அது. எண் வயதைச் சொல்லும்: 300 என்றால் மூன்று மாதம், 350இலிருந்து மூன்றரை, 400 என்றால் நாலு. உருவாக்கிய ஆட்களின் பெயர்தான் அதில் எங்கேயும் இல்லை.

பேராதனையில் விவசாயம் படித்துவிட்டு, கொழும்புக்கு வருமுன் மூன்று வருடம் ஒரு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தேன். விஞ்ஞானியாகப் போகிறேன் என்ற நினைப்போடு போனவனுக்கு முதல் நாள் கையில் கொடுத்தது சின்னக் கத்தரிக்கோலும் இடுக்கியும்.

நெல் தன் மகரந்தத்தையே தான் ஏற்கும் பயிர். இரண்டு இனங்களைக் கலக்க வேண்டுமென்றால் பின்னேரமே தாய்க் கதிரில் ஒவ்வொரு பூவின் நுனியையும் வெட்டி, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தக்கூடுகளையும் எடுத்துவிட்டு, உறை போட்டு மூட வேண்டும். ஒன்று மிஞ்சினாலும் போச்சு. அடுத்த நாள் காலை பத்து மணி போல, தந்தைக் கதிர் பூ விரிக்கும் கொஞ்ச நேரத்துக்குள் அதைக் கொண்டுவந்து மேலே உதற வேண்டும். எனக்கு ஒரு கதிர் முடிக்க ஒரு மணித்தியாலம். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்ட சிங்கள அக்கா ஒருவர் அதற்குள் மூன்று கதிரை முடித்துவிட்டு, "மல்லி, மூச்சை அந்தப் பக்கம் விடு" என்பார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

ஒருமுறை இரண்டு உறைகளின் லேபலை நான் மாற்றிக் கட்டிவிட்டேன். அடுத்த போகத்தில் செடி முழங்கால் உயரம் வந்தபோதே அக்கா பிடித்துவிட்டார். "இது அந்தத் தாயின் பிள்ளை இல்லை." பதிவேட்டைப் பார்க்கவில்லை, இலை நிற்கிற விதத்தைப் பார்த்தே சொன்னார். ஒரு போகம் வீண்.

அந்தக் கண்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். முதல் சந்ததி ஒன்றுபோல நிற்கும். இரண்டாவதில் நெட்டை, குட்டை, பதர் எல்லாம் சிதறும்; ஆயிரக்கணக்கான செடிகளுக்குள் எதை வைத்திருப்பது என்று வெயிலில் நின்று முடிவெடுக்க வேண்டும். குணம் நிலைக்க இன்னும் நாலைந்து சந்ததி. இடையில் நோயியல்காரர் எரிபந்த நோயையும் பூச்சியியல்காரர் கபில நிறத் தத்திப் பூச்சியையும் வேண்டுமென்றே விட்டுப் பார்ப்பார்கள். இன்னொருவர் சோறாக்கி ருசி பார்ப்பார். பிறகு விவசாயிகளின் வயல்களில் பரீட்சிப்பு. ஒரு இனத்துக்குப் பத்து வருடம் போவது சாதாரணம்.

பெயர் நிலைத்தவர்களும் இருக்கிறார்கள். ஹெக்டர் வீரரத்ன அப்படி ஒருவர். 1958இல் வெளிவந்த எச். 4 நெல் அவருடையது. உலகமே அறிந்த பிலிப்பைன்ஸ் நெல்லான ஐ.ஆர். 8 வந்ததே 1966இல்தான். எச். 4இன் பெற்றோரில் ஒரு பக்கம் இந்தோனேசியாவின் மாஸ், மறுபக்கம் நம் நாட்டு முருங்கைக்காயன். தமிழ்ப் பெயர், கவனித்தீர்களா? அதை விதைக்கென்று கோர்க்காலி என்ற நெற்களஞ்சியத்தில் ஒதுக்கி வைத்த கமக்காரரையும் நான் இந்தப் பட்டியலில் சேர்ப்பேன், அவருக்குச் சம்பளம் இல்லாவிட்டாலும்.

மகனைப் பற்றிக் கேட்டதற்கு: உயர்தரத்தில் உயிரியல் எடுத்தால் பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகம் மூன்றிலும் விவசாய பீடம் உண்டு. தனி இனவிருத்தியாளராக வர முதுமாணியோ கலாநிதியோ தேவைப்படும். புள்ளிவிபரவியலை வெறுக்கிறார் என்றால் இப்போதே யோசிக்கச் சொல்லுங்கள். எனக்கு அங்கேதான் சறுக்கியது. கூடவே சிங்களம் பேசப் பழகட்டும். அக்கா போன்றவர்களிடம் பாடம் கேட்க வேறு வழியில்லை.