பெரிய நாற்காலியும் பக்கத்து நாற்காலியும்: ஓர் அப்பாவுக்குப் பதில்

வணக்கம் அண்ணே. போன சனிக்கிழமை சமூக மன்றத்தில் பையன் தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது நீங்கள் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டீர்கள். "இந்தியாவிலேயே கிரிக்கெட் அணிக்கு வெள்ளைக்காரரைத்தான் கோச்சாகக் கூட்டிவருகிறார்கள். என் ஆபீசிலும் அதே கதை. இவன் விளையாட்டுப் படிப்பு படித்து என்ன செய்யப் போகிறான்?" அவன் திரும்பி வந்ததும் பேச்சு மாறிவிட்டது. பதில் பாக்கி இருக்கிறது.

முதலில், உங்கள் ஆதங்கம் பொய்யில்லை. ஐபிஎல் கணக்கைப் பாருங்கள். 2008 முதல் 2025 வரை 18 கிண்ணங்கள். வென்ற அணியின் தலைமைப் பயிற்சியாளர் இந்தியராக இருந்தது இரண்டே தடவை: 2022இல் குஜராத்தின் ஆசிஷ் நெஹ்ரா, 2024இல் கொல்கத்தாவின் சந்திரகாந்த் பண்டிட். நாம் விசில் அடித்துக் கொண்டாடுகிற சென்னையின் ஐந்து கிண்ணங்களும் நியூசிலாந்துக்காரர் ஸ்டீபன் ஃபிளெமிங் காலத்தில் வந்தவை. பண்டிட்டோ மும்பை, விதர்பா, மத்தியப் பிரதேசம் என்று மூன்று அணிகளை, உள்நாட்டு அணிகள் மோதும் ரஞ்சிக் கிண்ணம் வெல்ல வைத்த பிறகுதான் ஐபிஎல் கதவு அவருக்குத் திறந்தது. வெளிநாட்டுப் பெயர்களுக்கு இவ்வளவு நீண்ட தேர்வு வைக்கிறார்களா என்றால், எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் இந்தியத் தேசிய அணியின் கதை வேறு. அதைப் பையனிடம் சொல்லாமல் விட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். ஆட்டங்களை விலைபேசிய சூதாட்ட விவகாரம் வெடித்த 2000ஆம் ஆண்டில்தான் ஜான் ரைட் முதல் வெளிநாட்டுப் பயிற்சியாளராக வந்தார். நாட்டின் ஐந்து மண்டலங்களிலிருந்து அணித் தேர்வாளர்கள், ஆளுக்கொரு பக்கம். அந்தச் சூழலில் எந்த மண்டலத்துக்கும் சொந்தமில்லாத ஒருவர் கிரிக்கெட் வாரியத்துக்கு வசதியாக இருந்தார். திறமை ஒரு காரணம்தான்; வெளியூர்க்காரர் என்பதே இன்னொரு தகுதியாகிவிட்டது. அப்புறம் ஆஸ்திரேலியர் கிரெக் சாப்பல் வந்து 2007 உலகக் கிண்ணத்தில் முதல் சுற்றோடு மூட்டை கட்டியதும் நடந்தது, தென்னாப்பிரிக்கர் கேரி கர்ஸ்டன் காலத்தில் 2011இல் வென்றதும் நடந்தது. கடைசி வெளிநாட்டவரான டங்கன் பிளெட்சர் 2015இல் போன பிறகு கும்ப்ளே, சாஸ்திரி, டிராவிட், கம்பீர் என்று தலைமைப் பயிற்சியாளர்கள் எல்லாரும் உள்ளூர்க்காரர்கள்தான்.

இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதில்தான் உங்கள் பையனுக்கு வேலை இருக்கிறது. டிராவிட் பெரிய ஆட்டக்காரர் என்பதற்காக நேராக மேலே போய் உட்காரவில்லை. 2015இலிருந்து 19 வயதுக்குட்பட்டோர் அணி, தேசிய அணிக்கு அடுத்த நிலையிலுள்ள இந்தியா 'ஏ' அணி, 2019இல் பெங்களூரு தேசிய கிரிக்கெட் அகாடமி, அதன் பிறகே 2021இல் தலைமைப் பொறுப்பு. அவர் அளவுக்கு ஆடாதவர்களையும் பாருங்கள். ஆர். ஸ்ரீதர் இந்தியாவுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. பல ஆண்டுகள் தேசிய அணியின் ஃபீல்டிங் பயிற்சியாளராக இருந்தார். அமோல் முசும்தாரும் இந்தியாவுக்கு ஆடியதில்லை. உள்நாட்டு ஆட்டங்களில் ஓட்டங்களைக் குவித்தும் அழைப்பு வராமலே போன மனிதர். 2025இல் இந்தியப் பெண்கள் உலகக் கிண்ணத்தை வென்றபோது பயிற்சியாளர் அவர்தான். உங்கள் பையன் பள்ளி அணியில் களமிறங்காத 12ஆவது ஆளாக இருப்பதை நீங்கள் குறையாகச் சொன்னீர்களே, அதனால்தான் இவர்களைச் சொல்கிறேன்.

நம் சிங்கப்பூர்க் காற்பந்தும் இதே பாதையில்தான் போயிருக்கிறது. வெளிநாட்டுப் பயிற்சியாளர் ராட்டி அவ்ராமோவிச் காலத்தில் கிண்ணங்கள் வந்தன. அதன் பின் நம் சுந்தரமூர்த்தியும் சில காலம் பார்த்தார், ஜப்பானியர்களும் வந்தார்கள். ஆனால் 2025இல் சிங்கப்பூர் முதன்முறையாகத் தகுதிச் சுற்றில் வென்று ஆசியக் கிண்ணத்துக்குள் நுழைந்தபோது பொறுப்பில் இருந்தவர் தெம்பனிஸ் ரோவர்ஸ் கிளப்பில் வளர்ந்த உள்ளூர் இளைஞர் கேவின் லீ. அதுவும் இடைக்காலப் பயிற்சியாளராக!

ஆபீஸ் கதைக்கு வருகிறேன். மனிதவள அமைச்சின் விதிப்படி, எம்ப்ளாய்மெண்ட் பாஸில், அதாவது வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியில், ஆள் எடுக்கும் நிறுவனம் பொதுவாக அந்த வேலையை 14 நாள் விளம்பரப்படுத்த வேண்டும். 2023 செப்டம்பரிலிருந்து விண்ணப்பத்தை மதிப்பிடும் காம்பஸ் என்ற புள்ளி முறையில் 40 புள்ளியும் வேண்டும். ஆனால் மாதச் சம்பளம் 22,500 வெள்ளியும் அதற்கு மேலும் என்றால் இரண்டுக்கும் விலக்கு. அதாவது நீங்கள் பொருமுகிற அந்தப் பெரிய நாற்காலிக்கு விதி அவ்வளவாகப் பொருந்தாது. அதற்குக் கீழே உள்ள நாற்காலிகளுக்குத்தான் பொருந்தும். பையன் அடுத்த 15 ஆண்டுகள் உட்காரப் போவதும் அங்கேதான்.

சரி, என்ன செய்யலாம்? கிரிக்கெட்டை மட்டும் நம்ப வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். இங்கே கிரிக்கெட் இருக்கிற பள்ளிகள் குறைவு, கிளப்புகளும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதனால் ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் விளையாட்டு தொடர்பான பட்டயப் படிப்புகளைப் பார்க்கச் சொல்லுங்கள். உடற்பயிற்சி அறிவியலும் தரவு ஆய்வும் தெரிந்தவனுக்கு பூப்பந்து, காற்பந்து, உடற்பயிற்சிக் கூடம், மறுவாழ்வு சிகிச்சை என்று பல கதவுகள் உண்டு. பள்ளிகளில் பயிற்சி கொடுக்க ஸ்போர்ட் சிங்கப்பூரின் தேசியப் பயிற்சியாளர் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். அதற்கான சான்றிதழையும் முதலுதவிச் சான்றிதழையும் தேசிய சேவைக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. சேவை முடிந்து வரும்போது கை காலியாக இருக்காது.

சம்பளம் ஆரம்பத்தில் உங்கள் மனத்துக்குப் போதாது. உங்கள் அக்கா மகன் வங்கியில் வாங்குவதோடு ஒப்பிடவே வேண்டாம், வீட்டில் சண்டைதான் வரும்.

அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு இருவரும் வாருங்கள். பெஞ்சில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு பந்தையும் குறித்துவைக்கிறான் என்று சலித்துக்கொண்டீர்களே, அந்த நோட்டையும் மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள். நான் அதைப் பார்க்க வேண்டும்.